தென்கடல் ஐஸ் கம்பனியின் இரண்டாவது பணிப்பாளர்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய தட்டச்சுப் பள்ளி இருந்த கட்டிடத்தின் மேல்மாடியில் விசுவலிங்கத்தின் கந்தோர் இருந்தது. ஒரு மேசை, இரண்டு கதிரை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு இரும்பு அலுமாரி, ஒரு தட்டச்சு மெஷின். வாசலில் ‘சி. விசுவலிங்கம், கம்பனிச் செயலாளர்’ என்ற பலகை. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ கம்பனியில் கணக்கு எழுதுகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி விளக்குவார்.

ஒரு தனியார் கம்பனி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதன் பங்குதாரர்கள் கூடவேண்டும். கூடியதற்குக் கூட்டறிக்கை எழுதவேண்டும். கம்பனியை நடத்தும் பணிப்பாளர் யார், யாரிடம் எத்தனை பங்கு, பதிவு அலுவலகம் எந்த முகவரியில் என்று கொழும்பிலுள்ள பதிவாளருக்கு அறிக்கை அனுப்பவேண்டும். அனுப்பாமல் விட்டால் ஒருநாள் பதிவேட்டிலிருந்து கம்பனியின் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு அதன் காணி, கட்டிடம் எல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடும். இதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் செயலாளரின் வேலை.

விசுவலிங்கம் அடம்பன் பக்கத்து வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை. இளவயதில் மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அங்கேயே இந்தத் தொழிலைப் பழகினார். யுத்தம் முடிந்து மூன்று வருடங்களாகியிருந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவருக்கு அறுபத்தேழு வயது. அவர் பொறுப்பில் பதினொரு கம்பனிகள் இருந்தன. அவற்றில் ஒன்பது கம்பனிகளுக்கு ஊரில் ஆள் கிடையாது. முதலாளிகள் கனடாவில், நீர்கொழும்பில், சென்னையில். சிலர் எங்கே என்றே தெரியாது. இருந்தும் ஒரு வருடமாவது அறிக்கை பிந்தியதில்லை. குண்டு விழுந்த காலத்திலும் குடும்பத்தோடு மடுவுக்கு இடம்பெயர்ந்தபோதும் கூட்டறிக்கைப் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர் அவர். மனைவி இராசேஸ்வரி சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு வந்ததாக அழுதது வேறு கதை.

அந்த ஒன்பதில் ஒன்று தென்கடல் ஐஸ் கம்பனி. தலைமன்னாரில் மீனவர்களுக்கு ஐஸ் செய்து விற்க, எண்பத்தொன்பதில் ரொபின்சன் என்பவர் தொடங்கியது. பழைய சட்டத்தில் ஒரு கம்பனிக்கு ஆகக்குறைந்தது இரண்டு பங்குதாரராவது இருக்கவேண்டும். ரொபின்சன் தன் கந்தோரில் வேலைக்கிருந்த அகஸ்ரினா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு பங்கைக் கொடுத்து, பணிப்பாளராகவும் போட்டார். அவள் விசுவலிங்கத்தின் மேசைக்கு முன்னால் இருந்து மூன்று படிவங்களில் கையெழுத்து வைத்தாள். பிறகு அவளை அவர் காணவில்லை. அடுத்த வருடம் சண்டை வெடித்தது. ரொபின்சன் நீர்கொழும்புக்குப் போய் அங்கே மீன் வியாபாரம் தொடங்கினார். அகஸ்ரினா பேசாலையிலிருந்து வள்ளம் ஏறிப் போனதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தாளா, கடலில் போனாளா என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருட அறிக்கைக்கு நாள் வந்தது. கூட்டம் செல்லுபடியாக இரண்டு பேர் வந்திருக்கவேண்டும். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது அறிக்கையைக் கொடுத்துவிடலாம்; ஆனால் வேறு ஆளைப் போடுங்கள் என்று ரொபின்சனுக்கு எழுதிப் பதில் எடுக்கக் கடிதப் போக்குவரத்தே இல்லை. விசுவலிங்கம் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார். பிறகு மெஷினில் தாளை ஏற்றி, ‘ஒக்ரோபர் மூன்றாம் சனிக்கிழமை, காலை பத்து மணி, தலைமன்னார் பதிவு அலுவலகம். சமூகமளித்தோர்: திரு ரொபின்சன், செல்வி அகஸ்ரினா’ என்று அடித்தார். அவளுடைய கையெழுத்தைப் படிவத்தில் பார்த்துத் தானே போட்டார். ஒரு வருடத்துக்குத்தானே என்று நினைத்தார். இருபத்திரண்டு வருடம் போட்டார்.

முதலில் அவள் முன்மொழிந்தாள், வழிமொழிந்தாள், அவ்வளவுதான். தொண்ணூற்றைந்தில் அவர் ஒரு வேலையாகத் தலைமன்னாருக்குப் போனார். மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையின் வளவில் பெண்கள் வெயிலில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேசச் செயலாளருக்கு உரிமையில்லை; எழுதத்தான் முடியும். ஆகவே அந்த வருடக் கூட்டறிக்கையில், ‘மீன் வெட்டும் பெண்களுக்கு ஒரு கொட்டகை போட்டுக்கொடுக்க வேண்டுமெனப் பணிப்பாளர் அகஸ்ரினா வலியுறுத்தினார்’ என்று ஒரு வரி சேர்த்தார். அப்போது தபால் ஓடத் தொடங்கியிருந்தது. புத்தகத்தின் பிரதியை ரொபின்சனுக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘அகஸ்ரினா கேட்டபடி செய்யவும்’ என்றிருந்தது. தான் போகாத கூட்டம் கடதாசிக்குத்தான் என்று ரொபின்சனுக்குத் தெரியும்; ஆனால் அவள் ஊரில் இருந்துதான் கேட்கிறாள் என்று நம்பிவிட்டார். கொட்டகை எழும்பியது.

விசுவலிங்கத்துக்கு அன்று பயமும் இருந்தது, ஒரு சந்தோசமும் இருந்தது. அதன்பிறகு அவள் வருடா வருடம் ஏதாவது பேசினாள். இரண்டாயிரத்தொன்றில் வளவுக்குள் ஒரு நல்லதண்ணிக் கிணறு வெட்டச் சொன்னாள். அதுவும் வெட்டப்பட்டது. சில வேளைகளில் மெஷினுக்கு முன்னால் இருக்கும்போது அடுத்த வசனம் தன்னுடையதா என்று அவருக்கே சந்தேகமாக இருக்கும். அவர் ஒன்று நினைத்திருப்பார். விரல் வேறொன்றை அடித்திருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு பங்குனியில் நீர்கொழும்பிலிருந்து ஜெனோஜன் தொலைபேசி எடுத்தான். ரொபின்சனின் மகன். தகப்பன் முந்தின வருடம் காலமாகி, பங்குகள் அவன் பெயருக்கு மாறியிருந்தன.

“அங்கிள், அந்த ஐஸ் கம்பனிக் காணியை ஒரு ஹொட்டல்காரர் கேக்கினம். அதுக்கு முதல் அந்த அகஸ்ரினா எண்ட பேரை எடுத்துவிடவேணும்.”

“அவவின்ர சம்மதக் கடிதம் வேணும் தம்பி.”

“எங்க போய் எடுக்கிறது? அவ உயிரோட இருக்கிறாவோ எண்டே தெரியாது. காலமானதாகப் போட்டுவிடுங்கோ. காணாமற்போன ஆக்களுக்கு இப்ப மரணச் சான்றிதழ் குடுக்கினம்தானே. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கிற படிவத்தை விசுவலிங்கம் மெஷினில் ஏற்றினார். பெயரை அடித்தார். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தார். காரணம் என்ற இடத்தில் ‘மரணம்’ என்று அடித்தார். திகதிக்குரிய கட்டம் வந்ததும் நின்றுவிட்டார். எந்த நாளைப் போடுவது? இரண்டு நாளாக அந்தத் தாள் மெஷினிலேயே இருந்தது. கடல்காற்றுக்கு அதன் நுனி மட்டும் எழும்பி எழும்பி விழுந்தது.

மூன்றாம் நாள் முற்பகல், வெளியே வெயில் கொதிக்கிற நேரம், நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி படியேறி வந்தாள். கையில் கடதாசிகள் வைத்த ஒரு பிளாஸ்ரிக் கோவை.

“ஐயா, விசுவலிங்கம் எண்டிறது நீங்களோ?”

“ஓம், இருங்கோ. என்ன விசயம்?”

“என்ர பேர் அகஸ்ரினா. தலைமன்னார்.”

விசுவலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். மெஷினில் இருந்த தாளை அவள் பார்க்காதபடி கையால் மறைத்தார். அதற்குள் அவள் தன் பெயரைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் தான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

தொண்ணூறில் வள்ளத்தில் போய் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருபத்தொரு வருடம் இருந்திருக்கிறாள். அங்கேயே தோமஸ் என்ற மேசன் ஒருவரைக் கட்டினாள். ஆறு மாதத்துக்கு முன் இருவரும் திருச்சியிலிருந்து விமானத்தில் திரும்பி வந்தார்கள். மீள்குடியேறியவர்களுக்கான வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். பிரதேச செயலகத்தில் ஒரு பழைய கோவையை எடுத்துக் காட்டினார்கள். ஐஸ் தொழிற்சாலைக் காணியின் எல்லையை அளந்து தரும்படி இரண்டாயிரத்துப் பத்தில் தலைமன்னாரிலிருந்து எழுதிய கடிதம். கீழே அவளுடைய பெயர், அவளுடைய அடையாள அட்டை இலக்கம், அவளுடைய கையெழுத்து.

“‘நீங்கள் அகதியாப் போகவேயில்லையே அம்மா, இஞ்சதானே இருந்திருக்கிறியள்’ எண்டு கேக்கினம். அவையில பிழையில்லை. கையெழுத்தைப் பாத்தனான் ஐயா. நான் வைக்கிற மாதிரியே கிடக்கு. கடைசி எழுத்தை நான் இப்ப வளைக்கிறேல்ல, முந்தித்தான் வளைக்கிறனான். அந்த வளைவும் கிடக்கு. கடிதத்தில உங்கட சீல் இருந்தது. அதுதான் வந்தனான். ஆர் ஐயா அவ?”

விசுவலிங்கத்துக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவர் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து தென்கடல் ஐஸ் கம்பனியின் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“அவவை நான் எழுதினனான் பிள்ளை,” என்றார். “கையெழுத்தும் நான்தான்.”

அவள் கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினாள். பின்னேரம் கந்தோர் பூட்டும்வரை வாசித்தாள். அடுத்த நாளும் வந்தாள். அவர் எதிரே இருந்து, அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எழுதிய ஆள், தான் எழுதியதை வாசிக்கிறாள் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. இரண்டாம் நாள் அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டாள்.

“தொண்ணூற்றிநாலில ‘திருமதி’ எண்டு போட்டிருக்கிறியள். அதுக்கு முதல் எல்லாம் ‘செல்வி’.”

“கை பிசகி அடிச்சது பிள்ளை. பிறகு மாத்தினால் வடிவில்லை எண்டு அப்பிடியே விட்டிட்டன்.”

“அந்த வருசம்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.”

 அவள் இன்னும் சில பக்கங்களைத் தள்ளினாள். பிறகு புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதை வாசியுங்கோ ஐயா.”

அவர் வாசித்தார். ‘ஒக்ரோபர் 17, 1998. குடும்பத்தில் ஏற்பட்ட துயரம் காரணமாகப் பணிப்பாளர் அகஸ்ரினா சமூகமளிக்கவில்லை. போதிய ஆட்கள் இல்லாமையால் கூட்டம் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.’

“ஏன் இப்பிடி எழுதினனீங்கள்?”

“தெரியேல்ல. சத்தியமாத் தெரியேல்ல. அண்டைக்கும் வழமை போலத்தான் தொடங்கினனான். வந்த ஆக்களின்ர வரிசையில உங்கட பேரை அடிக்க விரல் போகேல்ல.”

“அண்டைக்குத்தான் என்ர மகள் முகாமில காய்ச்சலில செத்தவ. மூண்டு வயசு.”

கீழே பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு புறப்பட்டது.  அவள் புத்தகத்தை மூடிவிட்டு, மிச்சத்தில் பெரும்பாலானவை தன் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்றாள். தான் கொழும்புக்குப் போனதாக ஒரு வருடம் எழுதியிருக்கிறது, தான் போனதேயில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது.

அன்று பின்னேரமே விசுவலிங்கம் மெஷினில் இருந்த படிவத்தை உருவிக் கிழித்தார். அவள் இங்கேயே இருந்தாள் என்று கோவை சொன்னால் அவளுக்கு வீடில்லை. அவள் செத்துவிட்டாள் என்று படிவம் சொன்னால் அவளே இல்லை. தான் உண்மையைச் சொன்னால்தான் அவள் திரும்பி வந்தவளாக முடியும். அவர் ஒரு சத்தியக் கடதாசி எழுதினார். தொண்ணூறு தொடக்கம் அகஸ்ரினாவின் பெயரில் வைக்கப்பட்ட கையெழுத்துகள் எல்லாம் தான் வைத்தவை, அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை, அவருக்கு இது தெரியாது என்று வரி வரியாக எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட்டார். ஒரு பிரதியை அகஸ்ரினாவிடம் கொடுத்தார். ஒன்றைக் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பினார்.

ஜெனோஜன் தொலைபேசியில் துள்ளினான். “அங்கிள், உங்கட கழுத்தில நீங்களே கயிறு போடுறியள்! இத்தனை வருசத்துப் பேரைக் கெடுக்கப் போறியளோ?”

“போட்டிட்டன் தம்பி. இனி முறைப்படி ஒரு கூட்டம் வைப்பம். அவவும் வருவா. நீங்களும் வாங்கோ.”

சட்டப்படி முன்னறிவித்தல் அனுப்பி, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமன்னாரில் கூட்டம் வைத்தார். அந்தக் கம்பனியின் சரித்திரத்தில் ஆட்கள் வந்து கூடிய முதல் கூட்டம் அதுதான். தொழிற்சாலைக் கூரையில் பாதி இல்லை. ஐஸ் கட்டிகள் வார்க்கிற இரும்புப் பெட்டிகள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. அவ்வளவு வெயிலிலும் உள்ளே காலடியில் ஒரு குளிர் இருந்தது. கோயிலில் இரவல் வாங்கிய கதிரைகளைப் போட்டு மூன்று பேரும் இருந்தார்கள். விசுவலிங்கம் பழைய கூட்டறிக்கைகளைத் திருத்துவதற்காக ஒவ்வொன்றாக வாசித்தார். சுவரில் மோதி அவர் குரல் திரும்பி வந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்த ஜெனோஜன் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசித்து முடிகிற நேரம், கொட்டகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த றஞ்சிதம் என்ற பெண் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அறுபது வயதிருக்கும்.

“குடியுங்கோ. அகஸ்ரினா அம்மாவின்ர கிணத்துத் தண்ணி.”

அகஸ்ரினா செம்பை வாங்காமல் அவளைப் பார்த்தாள். “ஆரின்ர கிணறு?”

“கம்பனிக்கார அம்மா ஒராள். அவதான் வெட்டிவிச்சவ. நீங்கள் வெளியூரோ பிள்ளை?”

“நான்தான் அகஸ்ரினா.”

றஞ்சிதம் அவளை நிதானமாக மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

“இல்லைப் பிள்ளை. நீங்கள் அவ இல்லை.”

“நீங்கள் அவவைக் கண்டனீங்களோ?” என்று கேட்டார் விசுவலிங்கம்.

“பின்ன? கொட்டகை போட்ட காலத்தில இருந்து காணுறன். வருசத்துக்கு ஒருக்கா வருவா. மாரி தொடங்கிற நேரம், காலமை பத்து மணி போல. இவவை விடக் கொஞ்சம் உயரம். ஒருத்தரோடயும் கதைக்கமாட்டா. கிணத்துக்கட்டைக் கையால தொட்டுப் பாத்திட்டு உள்ளுக்குப் போவா. கூட்டமாம் எண்டு நாங்களும் பேசாமல் இருப்பம்.”

“உள்ளுக்க எப்பிடிப் போறது? கதவு பூட்டித்தானே கிடந்தது?” என்றான் ஜெனோஜன்.

“ஓம், பூட்டித்தான் கிடக்கும்,” என்றாள் றஞ்சிதம், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, “ஒரு வருசம் மட்டும் ஒரு கிழமை பிந்தி வந்தவ. கறுப்புச் சீலையோட,” என்றாள்.

விசுவலிங்கத்தின் மடியிலிருந்து புத்தகம் நழுவி விழுந்தது. அகஸ்ரினா குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, அவரிடம் கொடுத்தாள்.  றஞ்சிதம் செம்பைக் கதிரையில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். பொய் சொல்கிறவளின் முகம் அவளுக்கு இருக்கவில்லை. சொல்வதால் அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

கூட்டத்தை எப்படியோ முடித்தார்கள். பழைய அறிக்கைகளில் அகஸ்ரினா சமூகமளித்ததாக எழுதியவை பிழை என்று தீர்மானித்தார்கள். அகஸ்ரினா அன்றைய திகதியில் பதவி விலகி, தன் ஒரு பங்கை ஜெனோஜனுக்கு மாற்றிக் கொடுத்தாள். அதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: கிணற்றையும் கொட்டகையையும் பாதையோடு சேர்த்து அந்தப் பெண்களுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். ஜெனோஜன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தான். அங்கிருந்து கெதியாய்ப் போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஹொட்டல்காரர் பின்னர் வேறு கரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

விசுவலிங்கம் மூன்று தவணை நீதிமன்றத்துக்குப் போனார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாலும் வயதாலும் எச்சரித்து விட்டார்கள். செயலாளர்களின் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. மற்றப் பத்துக் கம்பனிகளின் கோவைகளையும் கொழும்பில் ஒரு கந்தோருக்குப் பொதி பண்ணி அனுப்பிவிட்டு, வாசற்பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். இராசேஸ்வரி ஒரு நாள்கூட அவரைக் குறை சொல்லவில்லை. அகஸ்ரினாவின் பெயர் மீள்குடியேறியோர் பட்டியலில் ஏறியது. அடுத்த வருடம் தோமஸ் தானே கல்லடுக்கிக் கட்டிய இரண்டு அறை வீட்டில் குடிபுகுந்தார்கள். பால் காய்ச்ச விசுவலிங்கத்தையும் மனைவியையும் கூப்பிட்டாள். அவர் போனார். அந்தக் கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தில், ஒக்ரோபர் மாதத்தில், ஒரு செத்தவீட்டுக்காக அவர் தலைமன்னாருக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் நடந்தார். கொட்டகையில் நாலைந்து பெண்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். றஞ்சிதம் அவரை அடையாளம் கண்டு, கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்தாள்.

“வாங்கோ ஐயா. சுகமோ?”

“சுகமாயிருக்கிறன்.” கிணற்றுப் பக்கம் பார்த்தார். “அவ... பிறகு வந்தவவோ?”

“எங்க ஐயா? நீங்கள் கூட்டம் வைச்சனீங்களே, அதுக்குப் பிறகு வரேல்ல. மூண்டு மாரி போட்டுது.” அவள் குரலில் மனத்தாங்கல் இருந்தது. “நீங்கள் எழுதிறதை விட்டிட்டியளாம் எண்டு சொல்லிச்சினம். பிறகெப்பிடி ஐயா அவ வாறது?”

 கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் அள்ளி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்டியிருந்த இரும்புக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பயமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். நெஞ்சில் இருந்தது பயமில்லை. செத்தவீட்டில் வராத அழுகை இங்கே வந்தது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மன்னார் பஸ் நிற்கிற இடத்துக்குத் திரும்பி நடந்தார்.